ஓரத்தில் எழுதிய கல்யாணம்

புதுச்சேரி,
10 செப்டம்பர் 1962

அன்புள்ள அத்தானுக்கு,

ஆதிலட்சுமி எழுதுகிறேன். அப்பா, உங்கள் அம்மா செல்வாம்பாள் அத்தை, நான் மூவரும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். பிரான்சுக்கு, மார்செய் போய்ச் சேர்ந்த பிறகு உங்கள் கால் எப்படி இருக்கிறது, நடக்கும்போது இன்னும் இழுக்கிறதா என்று தெரிவியுங்கள். நான் இதுவரை உங்களுக்குத் தனியாகக் கடிதம் போட்டதில்லை. அப்பா எழுதுகிற கடிதத்தின் அடியில் 'ஆதியும் விசாரித்தாள்' என்று ஒரு வரி இருக்கும். அது அவராக எழுதிக்கொள்வது, நான் விசாரித்ததே கிடையாது. இதற்கே கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபப்பட வேண்டியது இனிமேல்தான் வருகிறது.

மே மாதம் நர்ஸ் படிப்பு முடித்துச் சென்னையிலிருந்து வந்துவிட்டேன். இங்கே ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் வேலை. ஆனால் என் மனம் இதில் இல்லை. கடைசி வருஷத்தில் எங்களை ஒரு மாதம் ராணுவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே நர்ஸ் என்றால் அதிகாரி. தோளில் நட்சத்திரம் உண்டு. கால் போன ஹவில்தார் ஒருவர் கட்டு மாற்றும்போது கத்திவிடக்கூடாது என்று என் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி 'ஆதிலட்சுமி, ஆதிலட்சுமி' என்று கட்டு முடிகிற வரை சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வேலைதான் எனக்கு என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். போன மாதம் விண்ணப்பப் பாரமும் வரவழைத்தேன். மணமாகாத பெண்கள், விதவைகள், கோர்ட்டில் விவாக விலக்குப் பெற்றவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தது. எனக்கு அதில் ஒரு தடையும் இல்லை என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை பிறப்புப் பத்திரத்துக்காக நகராட்சி ஆபீசுக்கு, மேரிக்குப் போனேன். குமாஸ்தா பார்த்து எழுதி, முத்திரை குத்தி, "இந்தாங்க மதாம்" என்று நீட்டினார். நான் சிரித்துக்கொண்டே "மதாம் இல்லிங்க, மத்மசேல். எனக்கு இன்னும் கண்ணாலம் ஆகல" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "ஓரத்துல எழுதியிருக்கே, பாக்கலியா?" என்று விரலை வைத்துக் காட்டினார். என் பிறப்புக்குப் பக்கத்தில், ஓரத்தில், சின்ன எழுத்தில் பிரெஞ்சில் இரண்டு வரி. எனக்குப் புரியாது என்று அவரே படித்துச் சொன்னார். 1956 பிப்ரவரி 9 அன்று இதே மேரியில் கலியமூர்த்தி என்பவரோடு, அதாவது உங்களோடு, திருமணம் நடந்தது என்று.

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது அத்தான். பதினைந்து வயசு, ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் சொல்லி அப்பா அழைத்துப்போனார். "பட்டாளத்து சொல்தா குடும்பம்னு பேரு பதியணும். ஐயா இன்னா கேட்டாலும் வுய்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போடு" என்றார். வுய் என்றால் ஆமாம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். நீங்கள் ராணுவ உடுப்போடு பக்கத்தில் நின்றீர்கள். உங்களுக்கும் ஏதோ பதிய வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு கடற்கரையில் எல்லோருக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்தீர்கள். என் கல்யாண விருந்து அது என்று தெரியாமல் இரண்டு கிளாஸ் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து பத்திரத்தை அப்பா முன்னால் வைத்தேன். "அது வெறும் காயிதம்டி. தாலி கட்னாதான் கண்ணாலம்" என்றார். அத்தையும் அதையே சொன்னார். மேரியில் எழுதி வைப்பது பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி என்று இருவரும் இத்தனை வருஷமாக நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். துண்டு என் மேல் கிடக்கிறது என்று எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். எதற்கு வுய் சொல்கிறேன் என்று தெரியாமல்தான் நான் சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியுமா?

உங்கள் மாமன் மகள்,
ஆதிலட்சுமி


மார்செய்,
27 செப்டம்பர் 1962

அன்புள்ள ஆதிக்கு,

உன் கையெழுத்தில் உறை வந்ததும் பாரக்கில் என்னோடு தங்கும் சொல்தாக்கள் நாலு பேரிடம் காட்டினேன். பிரித்துப் படித்த பிறகு யாரிடமும் காட்டவில்லை. கால் பரவாயில்லை. குளிர் வந்தால் கொஞ்சம் இழுக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: தெரியாது. அம்மா மேல் ஆணையாகத் தெரியாது. "ஆதி சம்மதிச்சிட்டா. வெக்கப்படுறா, நீ ஒண்ணும் கேட்டுக்காத" என்றார் மாமா. நான் அதை நம்பினேன். நம்ப ஆசையாக இருந்ததால் நம்பினேன் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு வார்த்தை உன்னையே கேட்டிருக்கலாம். கேட்காதது என் தப்பு. நீ வுய் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. நான் முணுமுணுத்தேன், நீ உரக்கச் சொன்னாய். பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி. கப்பலில் போகிற இருபது நாளும் அந்தச் சத்தம் என் காதில் இருந்தது.

1959-ல் லீவில் வந்தபோது நீ சென்னையில் ஹாஸ்டலில் இருந்தாய். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். "படிக்கிற புள்ளயக் கலைக்காத" என்றார் மாமா. சரி, படிப்பு முடியட்டும் என்று திரும்பிவிட்டேன். இங்கே எங்களுக்கு லிவ்ரே என்று ஒரு புத்தகம் தருவார்கள். சொல்தா செத்துப்போனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். என்னுடையதில் ஆறு வருஷமாக உன் பெயர் இருக்கிறது. அல்ஜீரியாவில் காலில் அடிபட்டுக் கிடந்தபோது நர்ஸ் அதைப் பிரித்து உன் பெயரைப் படிக்கப் பார்த்தாள். வாயில் நுழையவில்லை. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

நடந்தது நடந்துவிட்டது ஆதி. ஜனவரியிலிருந்து எனக்கு இரண்டு அறை உள்ள வீடு தருகிறார்கள். லீவும் கிடைத்திருக்கிறது. தை முதல் முகூர்த்தத்தில் ஊரறியத் தாலி கட்டி உன்னை அழைத்து வருகிறேன். இங்கேயும் ஆஸ்பத்திரி இருக்கிறது, பாஷை கற்றுக்கொண்டு நீ வேலைக்குப் போகலாம். நான் தடுக்க மாட்டேன். ஆனால் ராணுவ நர்ஸ் மட்டும் வேண்டாம். நான் அந்தக் கட்டிலில் நாலு மாதம் கிடந்தவன். அங்கே நர்ஸுகள் என்ன பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் அன்புள்ள,
கலியமூர்த்தி


புதுச்சேரி,
29 அக்டோபர் 1962

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. எழுதி எழுதிக் கிழித்தேன். உங்களுக்குத் தெரியாது என்று நீங்கள் சொன்னதை நம்புகிறேன். நீங்கள் தெரிந்து செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்பாவைத் திட்டுகிற மாதிரி உங்களையும் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

வடக்கே எல்லையில் சீனாவோடு சண்டை தொடங்கிவிட்டது, கேள்விப்பட்டிருப்பீர்கள். வார்டில் நோயாளிகள்கூட ரேடியோ செய்தி வந்தால் இருமுவதை அடக்கிக்கொள்கிறார்கள். பனியில் விரல் கருகிப்போன ஜவான்களை ரயிலில் கொண்டுவருகிறார்களாம். நர்ஸ் போதவில்லை என்று பேப்பரில் விளம்பரம் மேல் விளம்பரம். எனக்கு டிசம்பர் 10 அன்று சென்னையில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. என் நிலைமையை மறைக்காமல் எழுதினேன். விலக்கு வழக்குத் தொடுத்த சான்றோடு அன்றைக்கு வரலாம், தீர்ப்பை மார்ச்சுக்குள் கொடுத்தால் போதும் என்று பதில் போட்டிருக்கிறார்கள்.

அதனால் வக்கீல் முருகையனைப் போய்ப் பார்த்தேன். எனக்குத் தெரியாமல் நடந்த கல்யாணம் என்று சொல்லி ரத்து செய்ய முடியாதா என்றேன். அப்படியானால் அப்பாவைக் கோர்ட்டில் நிறுத்தி, பெற்ற மகளை ஏமாற்றினேன் என்று அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டுமாம். அப்பா மேல் எனக்கு இருக்கிற கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனாலும் என்னால் அது ஆகாது. வேறு வழி கேட்டேன். "மேரில எழுதின கண்ணாலத்துக்குப் பிரெஞ்சு சட்டந்தான். அதுல ரெண்டு பேரும் ஒத்துக்கினு பிரிய முடியாதும்மா. ஒருத்தர் மேல தப்பு இருக்கணும். பொண்டாட்டிய எடுத்தெறிஞ்சு, சேத்துக்க மாட்டேன்னு புருஷன் கைப்பட எழுதின கடுதாசி ஒண்ணு இருந்தா கேஸ் நிக்கும்" என்றார். இங்கே பிரிய நினைக்கிறவர்கள் பேசி வைத்துக்கொண்டு இப்படித்தான் எழுதிக்கொள்வார்களாம். பேசி வைத்தது மட்டும் கோர்ட்டுக்குத் தெரியக்கூடாதாம்.

அந்தக் கடிதத்தை நீங்கள் எனக்கு எழுதித் தர வேண்டும் அத்தான். இதைக் கேட்க எனக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கெட்டவர் இல்லை. உங்களைக் கட்டிக்கொண்டால் சந்தோஷமாகக்கூட இருப்பேனோ என்னவோ. ஆனால் ஒரு தடவை என்னைக் கேட்காமல் என் வாயிலிருந்து வுய் வாங்கிவிட்டார்கள். இந்தத் தடவை எதற்குச் சொல்கிறேன் என்று தெரிந்து, நானே சொல்ல வேண்டும்.

பிரெஞ்சுக் குடிகளாகவே இருக்க விரும்புகிறவர்கள் பிப்ரவரிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமே, அப்பா தனக்கு எழுதிக் கொடுத்துவிட்டு எனக்கும் ஒரு பாரம் கொண்டுவந்து வைத்தார். வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். படிக்காமல் இனி எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. அத்தை கூறைப்புடவை வாங்கிவந்து என் கட்டிலில் விரித்தார். அரக்குச் சிவப்பு, நல்ல புடவை. நான் தொடவில்லை. அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை.

சீக்கிரம் பதில் போடுங்கள். டிசம்பர் முதல் வாரத்துக்குள் கையில் இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும்.

இப்படிக்கு,
ஆதிலட்சுமி


மார்செய்,
8 நவம்பர் 1962

ஆதிக்கு,

முடியாது.

நான் உன்னை எப்போது எடுத்தெறிந்தேன்? குடிக்கிறேனா, வேறு பெண் வைத்திருக்கிறேனா, எனக்கு என்ன குறை? கால் கொஞ்சம் இழுக்கிறது, அதுதானே? பத்து வருஷம் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் போட்ட உத்தரவுக்கெல்லாம் கீழ்ப்படிந்தேன். மனசுக்குப் பிடிக்காததையும் செய்திருக்கிறேன். பொய் மட்டும் எழுதிக் கொடுத்ததில்லை. நான் ஆசைப்பட்ட ஒரே பெண்ணை வேண்டாம் என்று என் கையாலேயே எழுதச் சொல்கிறாய். அம்மா காதுக்கு அது போனால் என்ன ஆவாள் என்று நினைத்தாயா?

நீ ஹவில்தாரைப் பற்றி எழுதினாய். நானும் ஒன்று எழுதுகிறேன். எனக்குக் கட்டுக் கட்டிய நர்ஸுக்கு உன் வயசுதான் இருக்கும். ஒரு நாள் காலையில் லாரியில் பதினோரு பையன்களைக் கொண்டுவந்தார்கள். மத்தியானத்துக்குள் ஏழு பேர் போய்விட்டார்கள். என் கட்டில் ஜன்னல் ஓரம். அவள் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டே அழுதாள். அழுகையை நிறுத்தவும் முடியவில்லை, பசியில் தின்னாமல் இருக்கவும் முடியவில்லை. அந்தப் படிக்கட்டில் நீ உட்காருவதற்கு நான் வழி செய்து கொடுக்க வேண்டுமா?

லீவு உறுதியாகிவிட்டது. ஜனவரியில் வருகிறேன். நேரில் பேசிக்கொள்வோம்.

கலியமூர்த்தி


புதுச்சேரி,
17 நவம்பர் 1962

அத்தானுக்கு,

ஜனவரியில் பேச ஒன்றும் இருக்காது. டிசம்பர் 10 போய்விட்டிருக்கும். நீங்கள் வந்து இறங்கும்போது மேளம் தயாராக இருக்கும், தெருவே கூடி நிற்கும், அத்தை அழுவார். அந்தக் கூட்டத்தில் என் வாயிலிருந்து எது வந்தாலும் அது சம்மதம் என்றுதான் ஆகும். இது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் நேரில் பேசலாம் என்கிறீர்கள்.

படிக்கட்டில் அழுத நர்ஸைப் பற்றி எழுதினீர்கள். நாலு தடவை படித்தேன். நானும் அழுவேன். இங்கேயே அழுதிருக்கிறேன். கோரிமேட்டுப் பக்கத்திலிருந்து தீக்காயத்தோடு வந்த ஒரு பெரியவர் என் கையைப் பிடித்தபடியே உயிர் விட்டபோது, துணி வைக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதற்கு எனக்குப் பயம் இல்லை.

ஆனால் நீங்கள் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அழுது முடித்த பிறகு அவள் என்ன செய்தாள்? எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாளா? அன்றைக்குச் சாயங்காலம் உங்கள் காலுக்குக் கட்டு மாற்றியது யார்?

அதை மட்டும் எழுதுங்கள். பொய் எழுத மாட்டேன் என்று சொன்னீர்களே.

ஆதிலட்சுமி


மார்செய்,
26 நவம்பர் 1962

அன்புள்ள ஆதிக்கு,

இந்த உறையில் இரண்டு கடிதம் இருக்கிறது. இதை முதலில் படி. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. மற்றதை வக்கீலிடம் கொடு.

அவள்தான் மாற்றினாள். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள், மூக்கு சிவந்திருந்தது, என் கட்டிலில்தான் தொடங்கினாள். இனி ஒரு மாதத்தில் நடப்பாய் என்றாள். நடந்தேன். இதை உனக்கு எழுதாமல் விட்டது வேண்டுமென்றேதான். எழுதினால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். நேரில் பேசலாம் என்று நான் ஏன் சொன்னேன் என்று நீ எழுதியதும் சரிதான். மாமா செய்ததையே நானும் செய்யப் பார்த்தேன். மன்னித்துவிடு.

சண்டை நின்றுவிட்டதாக இங்கே பேப்பரில் பார்த்தேன். சண்டை நின்றாலும் ஆஸ்பத்திரி நிற்காது. சீக்கிரம் போ.

அந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதினேன். முதல் மூன்று தடவையும் பழக்கத்தில் மேலே 'அன்புள்ள' என்று விழுந்துவிட்டது, கிழித்துப் போட்டேன். வீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், பாரக்கிலேயே இருந்துகொள்வேன். லீவையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லிவ்ரேயில் உன் பெயர் இருந்த இடத்தில் அம்மா பெயரை எழுதச் சொல்லியிருக்கிறேன். அம்மா உன்னைத் திட்ட மாட்டாள், நான்தான் மாட்டேன் என்றேன் என்று அவளுக்குத் தனியாக எழுதுகிறேன். கொஞ்ச நாள் என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள். மாமாவிடம் நீ பேசு. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை.

பொய் எழுத மாட்டேன் என்று சொன்னேன். அதனால் நடந்ததையும் நான் செய்யப்போவதையும் மட்டுமே அதில் எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு வரி மட்டும் பொய். எது என்று உனக்குத் தெரியும்.

நேர்முகத்தில் கேட்டால் உரக்கச் சொல்.

கலியமூர்த்தி


மார்செய்,
26 நவம்பர் 1962

ஆதிலட்சுமிக்கு,

உன்னை நான் மனைவியாகச் சேர்த்துக்கொள்ள மாட்டேன். இங்கே உனக்கு வீடு கிடையாது. நீ வர வேண்டாம்.

ஊரில் உள்ள ஆண்களின் புண்ணையெல்லாம் கழுவிக்கொண்டு, அவர்கள் கத்துவதைக் கேட்டுக்கொண்டு, அந்த வேலையை விடவே மாட்டேன் என்று நிற்கிறவள் நீ. கட்டியவன் பேச்சையும் கேட்கவில்லை, பெற்றவர் பேச்சையும் கேட்கவில்லை. என் தாயார் ஆசையாக வாங்கிவந்த கூறைப்புடவையைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. இப்படிப்பட்டவளோடு நான் குடும்பம் நடத்தப்போவதில்லை.

தை மாதம் நான் ஊருக்கு வர மாட்டேன். உனக்குத் தாலி கட்ட மாட்டேன். இன்று உன்னை அழைக்கவில்லை, இனி என்றும் அழைக்க மாட்டேன். எனக்குக் கடிதம் எழுதாதே. எழுதினாலும் பதில் வராது.

1956 பிப்ரவரி 9 அன்று மேரியில் என்னைக் கேட்டபோது வுய் என்றேன். மனம் இல்லாமல்தான் சொன்னேன்.

கலியமூர்த்தி